மிதவை டியூப் மீன்பிடிப்பில் கால்துடுப்பும் காலணியும்

மிதவை டியூப் என்பது ஒருவர் மட்டும் அமர்ந்து ஏரியில் தூண்டில் போடப் பயன்படுத்தும் காற்றடைத்த சிறு மிதவை. அமெரிக்காவில் இதைப் 'பெல்லி போட்', அதாவது வயிற்றுப் படகு என்றும் அழைக்கிறார்கள். இதில் பாயோ எஞ்சினோ கைத்துடுப்போ இல்லை. அமர்ந்திருப்பவரின் கால்கள் நீருக்குள் தொங்கும். கால்களில் மாட்டிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துடுப்புகளை உதைத்து அவர் நகர்கிறார். கைகள் இரண்டும் தூண்டிற்கோலுக்கு உரியவை.

ஆகவே மிதவை டியூபில் காலணி என்பது துணைப்பொருள் அல்ல, படகை ஓட்டும் கருவியின் ஒரு பகுதி. அது மூன்று வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. கரையில் கல்லிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். பல மணிநேரம் குளிர்நீரில் இருக்கும் பாதத்தைக் காக்க வேண்டும். உதைக்கும் விசையைத் துடுப்புக்குக் கடத்த வேண்டும். நடப்பதற்கு ஏற்ற கனத்த காலணி உதைப்பதற்குத் தடையாகிறது. உதைப்பதற்கு ஏற்ற துடுப்பை மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடக்க முடிவதில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிகளே இக்கருவிகளின் வரலாறு. அதில் கடற்படை வீரர்கள், முக்குளிப்பவர்கள், டயர் தயாரிப்பாளர்கள், நீர்வாழ் உயிரியலாளர்கள் எனப் பலதுறையினருக்கும் பங்குண்டு.

தோல் மிதவையிலிருந்து ரப்பர் டியூப் வரை

காற்றடைத்த பொருளின்மீது அமர்ந்து நீரைக் கடப்பது மிகப் பழைய வழக்கம். அசீரிய மன்னர் இரண்டாம் அசுர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சுவர்ச்சிற்பங்கள் பொ.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் வீரர்கள் ஊதிய ஆட்டுத்தோலை அணைத்தபடி ஆற்றை நீந்திக் கடக்கிறார்கள். இச்சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நினிவே நகரத்து அசீரியச் சிற்பங்களில் ஊதிய தோலின்மீது கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து மீன்பிடிக்கும் மனிதர்களும் காணப்படுகிறார்கள். மிதவையும் தூண்டிலும் ஒன்றுசேர்ந்த மிகப் பழைய காட்சிகளில் இது ஒன்று. அம்மனிதர்களின் கால்கள் வெறுங்கால்கள்.

நவீன மிதவை டியூபுக்கு மூலப்பொருள் ரப்பர். இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் நிலையான பொருளாகும் என்பதை 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டிகள் பெருகியபோது டயருக்குள் இருந்த டியூபும் உலகெங்கும் எளிதாகக் கிடைக்கும் பொருளானது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ரப்பரில் பெரும்பங்கு தென்கிழக்கு ஆசியாவின் தோட்டங்களில் விளைந்தது. பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முறையில் அழைத்துச்செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அமெரிக்காவின் சாலைகளில் ஓடிய டயர்களிலும் டியூப்களிலும் அவர்கள் வெட்டிய பாலும் இருந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பண்ணைக் குட்டைகளிலும் சிறு ஏரிகளிலும் லாரி டியூபை மிதவையாகக் கொண்டு மீன்பிடிக்கும் வழக்கம் பரவியது. டியூபின்மேல் கேன்வாஸ் உறை போர்த்தி, நடுத்துளையில் குதிரைச் சேணம்போல ஒரு துணி இருக்கையைத் தைத்துக்கொண்டார்கள். அமர்ந்தவரின் இடுப்புவரை நீரில் இருக்கும். ஆழமற்ற இடங்களில் தரையைக் காலால் உந்தியே நகரலாம். தரை எட்டாத இடத்துக்குச் சென்றபோதுதான் காலில் எதை மாட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

கால்துடுப்பின் முன்னோடிகள்

நீரில் உந்துவதற்குக் கையையோ காலையோ அகலப்படுத்தும் எண்ணம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் விரல்களுக்கிடையே சவ்வு கொண்ட கையுறையின் வரைபடம் உள்ளது. இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பொரெல்லி விலங்குகளின் இயக்கம் பற்றி எழுதிய நூல் அவர் மறைந்தபின் 1680-81-ல் வெளியானது. அதில் பாதங்களில் நகம்போன்ற விரிந்த அமைப்பை அணிந்து நீருக்கடியில் செல்லும் மனிதரின் படம் இடம்பெற்றது. இவை தாளிலேயே நின்றுவிட்ட கருத்துகள்.

செய்துபார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தன் சிறுவயதில் ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் பலகையைப்போல இரு நீள்வட்டப் பலகைகளைச் செய்து கைகளில் பிடித்து நீந்தியதாக அவர் பிற்காலக் கடிதம் ஒன்றில் விவரித்தார். அவை சுமார் 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்டவை. அவற்றால் வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு வலித்தது. பாதங்களிலும் ஒருவகை மிதியடிகளைப் பொருத்திப் பார்த்தார். அவற்றில் அவருக்கு நிறைவில்லை. நீந்தும்போது நீரை உந்துவது பாதத்தின் அடிப்பகுதி மட்டுமல்ல, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் அதில் பங்கேற்கின்றன என்பதை அவர் கவனித்திருந்தார்.

கால்துடுப்பின் அடிப்படைச் சிக்கலை ஃபிராங்க்ளினின் குறிப்பு சுட்டியது. பலகையைப் பாதத்தில் கட்டினால் மட்டும் போதாது. காலின் இயக்கம் எங்கிருந்து தொடங்குகிறது, கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்பதற்கு ஏற்பவே துடுப்பு அமைய வேண்டும். 1968-ல் பன்னாட்டு நீச்சல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

டி கோர்லியூவும் சர்ச்சிலும்

இன்றைய ரப்பர் கால்துடுப்பின் தந்தையாகக் கருதப்படுபவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ஆம் ஆண்டிலேயே தன் துடுப்பின் ஆரம்ப வடிவத்தைச் சக அதிகாரிகளுக்கு அவர் செய்துகாட்டினார். பின்னர் கடற்படையிலிருந்து விலகி அதை மேம்படுத்துவதில் ஈடுபட்டார். 1933-ல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். நீச்சலுக்கும் உயிர்காப்புக்கும் உரிய உந்துகருவி என்றே தன் கண்டுபிடிப்பை அவர் முன்வைத்தார். விளையாட்டும் மீன்பிடிப்பும் அப்போது அவர் எண்ணத்தில் முதன்மையாக இல்லை.

துடுப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர் ஓவன் சர்ச்சில். இவர் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 8 மீட்டர் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர். தாஹித்தித் தீவில் உள்ளூர் இளைஞர்கள் பாதங்களில் ரப்பர் துடுப்பு கட்டி நீந்துவதைக் கண்டார். ஊர் திரும்பித் தன் வடிவத்தை உருவாக்கியபோது டி கோர்லியூவின் காப்புரிமை இருப்பதை அறிந்து அவரிடம் உரிமம் பெற்றார். 1940-ல் விற்பனை தொடங்கியது. முதல் ஆண்டில் ஆயிரம் ஜோடிகூட விற்கவில்லை. சர்ச்சிலின் சொந்த வடிவத்துக்கு 1943-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

சர்ச்சிலின் துடுப்பு குட்டையானது, மீன்வாலைப்போல ஒருபக்கம் சாய்ந்த விளிம்புடையது, குதிகாலைச் சுற்றி ரப்பர் பட்டை கொண்டது. வெறுங்காலில் அணியவே அது செய்யப்பட்டது. பட்டையின் நீளத்தை மாற்ற முடியாது. கடலில் நீந்துபவருக்கு இது குறையாகத் தெரியவில்லை. காலணிமேல் அணிய வேண்டியிருந்தவர்களுக்குக் குறையாகவே இருந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரே துடுப்பைப் பரவலாக்கியது. 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானிடம் வீழ்ந்தபின் அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோனது. டயர்களுக்குப் பங்கீடு வந்தது. அத்தகைய காலத்திலும் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் சர்ச்சிலின் துடுப்புகளை வாங்கின. கடற்கரைத் தாக்குதலுக்கு முன் நீருக்கடியில் இருந்த தடைகளை ஆராய்ந்து அகற்றும் நீச்சல் வீரர்களுக்கு அவை தேவைப்பட்டன.

பசிபிக் போரில் அமெரிக்காவின் நீரடித் தகர்ப்புக் குழுவினர் தொடக்கத்தில் துடுப்பு அணியவில்லை. பவளப்பாறைகள் பாதத்தைக் கிழிக்கும் என்பதால் கேன்வாஸ் காலணிகளுடன் நீந்தினார்கள். 1944-ல் உத்திச் சேவைகள் அலுவலகத்தின் கடற்பிரிவைச் சேர்ந்த நீச்சல் வீரர்கள் 10-ஆம் குழுவில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் துடுப்புடன் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் வழியாகவே துடுப்பு மற்றக் குழுக்களுக்கும் பரவியது.

பாறைக்குக் காலணி, நீருக்குத் துடுப்பு என்ற இரட்டைத் தேவை இங்கே வெளிப்படையாகத் தோன்றியது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடற்படை நீச்சல் வீரர்கள் மெல்லிய காலணிக்குமேல் துடுப்பை மாட்டும் முறையைப் பின்பற்றினார்கள். அதற்கு அகலமான பாதப்பையும் திறந்த குதிகாலும் கொண்ட துடுப்புகள் தேவைப்பட்டன. மிதவை டியூபில் மீன்பிடிப்பவர்கள் பிற்காலத்தில் கைக்கொண்டது இதே தீர்வைத்தான்.

மூடிய குதிகாலும் திறந்த குதிகாலும்

போருக்குப்பின் முக்குளிப்பு ஒரு விளையாட்டாக வளர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனம் ரொந்தினே என்ற துடுப்பை வெளியிட்டது. அதை வடிவமைத்த லுயிஜி ஃபெர்ராரோ போர்க்காலத்தில் இத்தாலியக் கடற்படையின் நீச்சல் நாசகாரர். 1943-ல் துருக்கித் துறைமுகங்களில் நின்ற கப்பல்களுக்கு வெடிகுண்டு பொருத்தியவர். ரொந்தினேயில் பாதம் முழுவதும் மென்மையான ரப்பர் செருப்புக்குள் அடங்கியது. தகடு முன்னால் நீண்டது. வெறுங்காலில் கச்சிதமாகப் பொருந்தியதால் விசை வீணாகவில்லை. மூடிய குதிகால் துடுப்பு என்ற வகை இதிலிருந்து பரவியது.

1964-ல் பிரான்சின் மார்சேய் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெஷா ஜெட்ஃபின் என்ற துடுப்பை அறிமுகப்படுத்தினார். அதன் தகட்டில் நீர் வெளியேறத் துளைகள் இருந்தன. தகடு குட்டையானது, அகலமானது, கனமானது. பாதப்பை பெரியது, குதிகால் திறந்தது. தடித்த காலுறையுடனும் அணிய முடிந்தது.

மிதவை டியூபுக்குத் துடுப்பு தேடிய மீன்பிடிப்பாளர்கள் முக்குளிப்புக் கருவிக் கடைகளுக்குத்தான் சென்றார்கள். அங்கே இருந்த இந்த இருவகைகளில் மூடிய குதிகால் வகை அவர்களுக்குப் பயன்படவில்லை. நீர்புகாக் காற்சட்டையின் பாதமும் அதன்மேல் காலணியும் அதற்குள் நுழையாது. திறந்த குதிகாலும் நீளத்தைக் கூட்டிக்குறைக்கும் பட்டையும் கொண்ட வகையே அவர்களுக்கு உரியதாயிற்று. அதிலும் ஜெட்ஃபின் போன்றவை கனத்தால் மூழ்கும். முக்குளிப்பவருக்கு மூழ்கும் துடுப்பு உதவும். ஏரியின் நடுவே காலிலிருந்து கழன்றால் மீன்பிடிப்பவர் அதைத் திரும்பப் பெற முடியாது.

அமர்ந்த நிலையின் உதை

முக்குளிப்பவர் நீரில் படுத்தநிலையில் செல்கிறார். அவர் உதை இடுப்பிலிருந்து தொடங்கித் தொடை வழியாகப் பாதத்துக்கு வருகிறது. கணுக்கால் நீண்டு நிற்கிறது. நீளமான தகடு அந்த உதைக்கு ஏற்றது.

மிதவை டியூபில் இருப்பவர் நாற்காலியில் அமர்ந்தவர் போல இருக்கிறார். தொடை ஏறக்குறைய கிடையாக இருக்கும், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி தொங்கும். அவர் உதை முழங்காலிலிருந்து தொடங்குகிறது. காலை முன்னே நீட்டும்போது துடுப்பு நீரை முன்னால் தள்ளுகிறது, டியூப் பின்னால் நகர்கிறது. ஆகவே மிதவை டியூப் எப்போதும் பின்னோக்கியே செல்லும் படகு. தூண்டிற்கயிறு முன்னால் நீளும், பயணம் முதுகுப்பக்கமாக நடக்கும். ஒரு காலை மட்டும் உதைத்தால் டியூப் சுழலும். நகர்ந்தபடியே இரையை மெல்ல இழுத்துச்செல்லவும் இந்த அமைப்பு உதவியது.

நீண்ட, விறைப்பான முக்குளிப்புத் துடுப்பை முழங்கால் உதையில் பயன்படுத்தினால் சுமை முழுவதும் முழங்கால் மூட்டிலும் தொடையின் முன்தசையிலும் விழுகிறது. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்வது வழக்கமான தொல்லை. மேலும் ஒவ்வோர் உதைக்குப் பின்னும் காலைத் திரும்ப இழுக்க வேண்டும். அப்போது தகடு நீரை எதிர்ப்பக்கம் தள்ளி, நகர்ந்த தொலைவில் ஒரு பங்கை இழக்கச் செய்யும். எனவே நீட்டும்போது நீரைப் பிடித்து, மடக்கும்போது நழுவ விடும் தகடே இங்கு நல்லது. 1980-களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பாப் எவன்ஸ் உருவாக்கிய ஃபோர்ஸ் ஃபின் இத்தகையது. பாலியூரித்தேனால் ஆன குட்டைத் தகடு மேல்நோக்கி வளைந்து நுனியில் பிளந்திருக்கும். முக்குளிப்பவர்களுக்காகச் செய்யப்பட்ட இதை மிதவை டியூப் மீன்பிடிப்பாளர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

துடுப்புக்கு மாற்றாக வேறொரு கருவியும் இருந்தது. குதிகாலருகே கட்டும் சிறு பலகைகள் அவை. கீல் இருப்பதால் காலைப் பின்னால் தள்ளும்போது விரியும், முன்னால் கொண்டுவரும்போது மடங்கும். நடப்பதுபோலக் காலை அசைத்தால் முன்னோக்கியே செல்லலாம். கரையில் நடக்கவும் எளிது. ஆனால் அவற்றின் பரப்பு சிறியது, எதிர்க்காற்றில் விசை போதாது. ஆகவே துடுப்பே நிலைத்தது.

காற்சட்டையும் காலணியும்

இடுப்பளவு நீரில் நின்று மீன்பிடிப்பவர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே ரப்பர் பூசிய துணியில் நீர்புகாக் காற்சட்டைகள் தைக்கப்பட்டன. அவற்றில் இருவகை உண்டு. ஒன்றில் ரப்பர் பூட்ஸ் காற்சட்டையுடன் ஒட்டியே இருக்கும். மற்றதில் காற்சட்டை காலுறையாக முடியும், காலணியைத் தனியே அணிய வேண்டும். ஒட்டிய பூட்ஸ் தொளதொளவென்று இருக்கும். துடுப்பை உதைக்கும்போது பாதம் அதற்குள் நழுவும், கணுக்கால் உராயும். காலுறை வகையே மிதவை டியூபுக்குப் பொருந்தியது.

மேற்கு அமெரிக்காவின் மிதவை டியூப் ஏரிகளில் குளிர் ஒரு பெரிய சிக்கல். ஐடஹோவின் ஹென்றிஸ் ஏரி, மொன்டானாவின் ஹெப்கன் ஏரி ஆகியவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளன. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கடத்துகிறது. அசையாமல் தொங்கும் கால் மிக விரைவில் மரத்துப்போகும்.

இதற்குத் தீர்வாக வந்தது நியோபிரீன். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1930-ல் உருவாக்கிய செயற்கை ரப்பர் இது. வாயுக்குமிழ்கள் நிறைந்த நியோபிரீன் நுரை வெப்பத்தைத் தடுக்கும். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் அதைக்கொண்டு முக்குளிப்பு உடையைச் செய்தார். 1980-களில் நியோபிரீன் காற்சட்டைகள் மீன்பிடிப்பாளர்களிடம் பரவின. பின்னர் வியர்வையை வெளிவிடும் மெல்லிய சவ்வுத் துணிகள் வந்தன. அவற்றிலும் பாதப்பகுதி மட்டும் நியோபிரீனாகவே நீடித்தது.

நியோபிரீன் பாதத்தைத் துடுப்புக்குள் அப்படியே நுழைத்தால் கரையின் கற்கள் அதைக் கிழித்துவிடும். ஆற்றில் நடப்பதற்கான கனத்த காலணியை அணிந்தால் துடுப்புக்குள் நுழையாது. இடைவழியாக முக்குளிப்பவர்களின் மெல்லிய ரப்பர் அடிக் காலணி வந்தது. அதற்கு ஒத்துவராதவர்களுக்காகப் பாதப்பையே இல்லாத, தட்டையான மேடையும் பட்டைகளும் கொண்ட துடுப்புகள் செய்யப்பட்டன. கனத்த காலணியை மேடையில் வைத்துப் பட்டைகளை இறுக்கினால் போதும். பொருத்தம் முன்னதைப்போலக் கச்சிதமாக இராது என்றாலும், ஏரிக்கரைவரை நெடுந்தொலைவு நடப்பவர்கள் இவ்வகையையே விரும்பினார்கள்.

டியூபின் வடிவம் மாறியது

பழைய வட்ட டியூபில் ஏறுவதே ஒரு வித்தை. துடுப்பை முதலில் மாட்டினால் அகன்ற தகடுகளை இருக்கைத் துளைக்குள் நுழைக்க வேண்டும். டியூபுக்குள் முதலில் நின்றால் குனிந்து துடுப்பை மாட்ட முடியாது. இரண்டு நிலையிலும் தடுக்கி விழுவது எளிது. துடுப்புடன் முன்னோக்கி நடந்தால் தகடு தரையில் தட்டும் என்பதால், பின்பக்கமாக நடந்தே நீரில் இறங்குவது வழக்கமாயிற்று.

1947-ல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது. 1950-களின் நடுவில் அமெரிக்கப் புதிய கார்களில் அதுவே பொதுவானது. லாரிகளிலும் பின்னர் டியூப் குறைந்தது. பழைய டியூப் கிடைப்பது அரிதாக, மிதவைக்கென்றே தனிக் காற்றுப்பைகள் செய்யும் தேவை உண்டானது. காற்றுப்பை டயரின் வட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. முன்பக்கம் திறந்த குதிரைலாட வடிவமும், பிறகு பின்புறம் கூர்ந்த 'வி' வடிவமும் வந்தன.

இந்த மாற்றம் காலணித் தேர்வையும் மாற்றியது. முன்பக்கம் திறந்த மிதவையில் கரையோரம் அமர்ந்தபடியே துடுப்பை மாட்டலாம், கழற்றலாம். 'வி' வடிவ மிதவைகளில் இருக்கை உயர்ந்ததால் தொடை நீருக்குமேல் வந்தது. நீரின் தடை குறைந்ததால் சிறிய துடுப்பாலும் நகர முடிந்தது. எனினும் இருக்கை உயர்ந்ததால் காற்றில் படும் பரப்பு கூடியது. காற்று எழும் ஏரிகளில் துடுப்பின் விசை முன்போலவே இன்றியமையாததாக இருந்தது.

கழன்ற துடுப்பு

மிதவை டியூபில் நேரும் பெரிய இடர்களுள் ஒன்று துடுப்பு கழன்றுபோவது. சேற்றில் சிக்கியோ பட்டை அறுந்தோ ஒரு துடுப்பு போனால் மறுகால் உதைக்கு டியூப் வட்டமிடும். காற்று கரையிலிருந்து வீசினால் டியூப் ஏரியின் நடுவுக்கு ஒதுங்கும். கையால் துழாவிக் கரைசேர நெடுநேரம் ஆகும். அதற்குள் குளிர் காலின் வலிமையைக் குறைத்துவிடும்.

ஆகவேதான் மீன்பிடிப்புக்கென்று செய்யப்பட்ட துடுப்புகளில் இரு அம்சங்கள் இடம்பெற்றன. ஒன்று, மிதக்கும் பொருளால் தகட்டைச் செய்வது. மற்றது, துடுப்பையும் கணுக்காலையும் இணைக்கும் பாதுகாப்புக் கயிறு. அனுபவமுள்ளவர்கள் முதலில் காற்றுக்கு எதிராக உதைத்துச்சென்று, களைத்தபின் காற்றோடு திரும்புவார்கள். உயிர்காப்புச் சட்டையும் ஊதலும் வைத்திருப்பார்கள்.

பட்டையை அளவுக்குமீறி இறுக்குவதும் தவறு. இறுகிய காலணியில் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் மரத்துப்போகும். காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து காலணியை நெருக்கினாலும் இதே விளைவுதான்.

காலணி சுமந்துசென்ற உயிர்கள்

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காலணி பற்றிய பேச்சில் புதிய கவலை ஒன்று சேர்ந்தது. 1987-ல் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றில் நியூசிலாந்து சேற்றுநத்தை கண்டறியப்பட்டது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த நத்தையின் பெண் இனம் ஆண் துணையின்றியே பெருகக்கூடியது. ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே பல நாட்கள் உயிரோடு இருக்கும். காலணியின் மடிப்பில் ஒட்டிய ஒரு நத்தை போதும், மற்றொரு நீர்நிலையில் புதிய கூட்டத்தைத் தொடங்கிவிடும். ஏரிகளில் பரவும் யூரேசிய நீர்ப்பாசிச் செடியும் தண்டின் துண்டிலிருந்தே முளைப்பது. துடுப்பின் பட்டையிலும் டியூபின் வலைப்பையிலும் அத்துண்டுகள் எளிதில் சிக்கும்.

வழுக்கும் பாறையில் பிடிமானத்துக்காக ஆற்றுக் காலணிகளின் அடியில் ஃபெல்ட் ஒட்டுவது நீண்டகால வழக்கம். ஃபெல்ட் என்பது இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி. அது மெல்லவே உலரும், நுண்ணுயிர்களை இழைகளுக்குள் வைத்திருக்கும். 2004-ல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் டிடிமோ என்ற பாறைப்பாசி கண்டறியப்பட்டது. 2008-ல் அந்நாடு ஃபெல்ட் அடிக் காலணிகளைத் தடைசெய்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011-லும் அலாஸ்கா 2012-லும் தடையைக் கொண்டுவந்தன. வெர்மான்ட் 2011-ல் தடைவிதித்து 2016-ல் அதை விலக்கிக்கொண்டது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2018 முதல் ஃபெல்ட் அடி அனுமதிக்கப்படுவதில்லை.

இத்தடைகள் விவாதத்துக்கும் உள்ளாயின. டிடிமோ வட அமெரிக்காவின் பல ஆறுகளுக்கு இயற்கையாகவே உரியது, நீரில் பாஸ்பரஸ் குறையும்போதே அது அடர்ந்து படர்கிறது என்று 2010-களில் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். ஃபெல்ட் இல்லாத காலணியில் வழுக்கிவிழும் ஆபத்து உண்டு என்று மீன்பிடிப்பாளர்கள் சொன்னார்கள். எந்த அடியாக இருந்தாலும் சோதித்து, கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. மிதவை டியூபில் இருப்பவர் பெரும்பாலான நேரம் பாறையில் நடப்பதில்லை. அவருக்கு ஃபெல்ட் அடியால் கிடைக்கும் பயன் மிகக்குறைவு.

தேர்வின் அடிப்படைகள்

இந்த வரலாற்றின் வழியாகத் திரண்ட நடைமுறை அறிவைச் சில விதிகளாகத் தொகுக்கலாம். திறந்த குதிகாலும் மாற்றக்கூடிய பட்டையும் கொண்ட துடுப்பே ஏற்றது. நீண்ட தகட்டைவிடக் குட்டையான, அகன்ற தகடு முழங்கால் உதைக்குப் பொருந்தும். மிதக்கும் துடுப்பு நல்லது. எதுவாயினும் கணுக்காலோடு கட்டும் கயிறு வேண்டும். காலணியின் அடி ரப்பராக, கழுவி உலர்த்த எளியதாக இருக்க வேண்டும். கணுக்கால் தடையின்றி வளைய வேண்டும்.

முதலில் நீரின் குளிருக்கு ஏற்ற காலுறையும், கரையின் தன்மைக்கு ஏற்ற காலணியும் முடிவு செய்யப்பட வேண்டும். அவை இரண்டையும் அணிந்த காலோடுதான் துடுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். கடையில் வெறுங்காலுக்குச் சரியாக இருக்கும் துடுப்பு ஏரிக்கரையில் பயன்படாது. இந்த வரிசையை மாற்றித் துடுப்பை முதலில் வாங்குபவர்கள் பெரும்பாலும் மீண்டும் ஒருமுறை கடைக்குச் செல்ல நேர்கிறது.